கவுண்டரில் எரியும், கையில் அணையும்

வலது கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்குள் நுழைந்த லிஃப்ட் மெக்கானிக், "படியில வழுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாரே, அந்த இடத்தில் போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம். அவர் அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவிக்குத்தான் அந்த ஒரு வாக்கியம் செரிக்கவே மாட்டேன் என்றது.

உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள், இருட்டில், கம்பிக் கயிறுகளுக்கு நடுவே ஏறி இறங்குவதே தொழிலாக இருக்கிறவர். தரையில் நடப்பதைவிட ஏணியில் நிற்பது அவருக்குச் சுலபம். அவர் போய்ப் படியில் வழுக்குவதா?

கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அதற்குள் கடை திறக்கும் நேரமாகிவிடும்.

கடை வீட்டின் முன்கட்டிலேயே இருந்தது. ஸ்விட்ச், பல்பு, வயர், ஃபேனுக்கு கண்டென்சர் என்று கைக்கு எட்டுகிற உயரம் வரை அடுக்கியிருக்கும். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கி, வாசலைப் பெருக்கிவிட்டு நிமிர்ந்தபோதே நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். தோளில் பை, கையில் கறுப்பு டார்ச்.

"இதுவும் போச்சுக்கா."

"போன மாசந்தானே மாத்திக் குடுத்தேன்?"

"நீங்க மாத்திக் குடுத்ததுதான் இது."

அக்கா டார்ச்சை வாங்கி ஸ்விட்சை அழுத்தினாள். பளிச்சென்று எரிந்தது. நர்ஸ் அலுப்போடு சிரித்தாள்.

"இப்ப எரியும். கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்து பாருங்க. நேத்து சாயந்திரம் ஒரு வீட்ல கரண்ட் இல்ல. மருந்து பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறேன், பொசுக்குன்னு கண்ணை மூடிக்கிச்சு. ஊசி ஒரு கையில, மருந்து ஒரு கையில. அந்த வீட்டுப் பொண்ணு செல்போனைப் பிடிச்சதால தப்பிச்சேன்."

"பணத்தைத் திருப்பித் தந்துடறேன்மா."

"பணம் வேணாம்க்கா. எரியிற விளக்கா ஒண்ணு குடுங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய், வீட்டில் தாங்கள் வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் டார்ச்சை எடுத்து வந்து கொடுத்தாள். அழகில்லை, ஆனால் அணையாது. நர்ஸ் அதை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

கறுப்பு டார்ச் மேசைக்குக் கீழே இருந்த துணிப்பைக்குள் போனது. அந்தப் பையில் ஏற்கெனவே அதன் உடன்பிறப்புகள் நிறைய இருந்தன. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே உருவம், ஒரே வியாதி.

அவற்றை அவள் தலையில் கட்டியது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி.

தம்பி ரொம்ப நாள் வேலையில்லாமல் இருந்தவன். போகாத கம்பெனி இல்லை, ஏறாத மாடி இல்லை. கடைசியில் இந்த டார்ச் கம்பெனி அவனைச் சேல்ஸில் எடுத்துக்கொண்டது. வேலையில் சேர்ந்த கையோடு கடைக்குத்தான் ஓடி வந்தான்.

"எல்.இ.டி.க்கா. பல்பு மாதிரி ஃப்யூஸ் போற கதையே கிடையாது. நம்ம ஆயுசுக்கும் எரியும். போதாததுக்கு வாரண்டி வேற."

அவன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்துக்காகவே அவள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டாள். தன் அக்கா புருஷனுக்கு மட்டும் அவன் ஒரு டார்ச்சைச் சும்மா கொடுத்தான். "இருட்டுல வேலை செய்யிறவர் நீங்க, மாமா. நல்லதா ஒண்ணு வேணாமா?" என்று அவர் கையில் திணித்துவிட்டுப் போனான்.

*

மெக்கானிக் குளிக்கப் போயிருந்தார். ஒற்றைக் கையால் குளிப்பது சாமானிய வேலை இல்லை. சொம்பு விழும், சோப்பு நழுவும், முணுமுணுப்பு கேட்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய சூப்பர்வைசர் கடைக்கு வந்தார். வந்தவர் எதுவும் வாங்கவில்லை. சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணன் இல்லையா?"

"குளிக்கிறார். உட்காருங்க."

"இல்லம்மா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆபீஸ்ல விசாரணை. அவரே 'என் கவனக்குறைவுதான்'னு வாயால சொல்லிட்டார். நாளைக்கும் அதையே சொன்னார்னு வைங்க, அதோட சரி. இனிமே லிஃப்ட் ஓடுற ஷாஃப்ட்டுக்குள்ள இறங்க விடமாட்டாங்க. ஸ்டோர்ல உட்கார்ந்து நட்டு போல்ட் எடுத்துக் குடுத்திட்டிருக்கணும்."

"கவனக்குறைவா? அவருக்கா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். லிஃப்டுக்கு அடியில பள்ளம் இருக்கும்ல, அதுல விழுந்து கிடந்தவரைத் தூக்கினதே நான்தான். ஏணியில இறங்கும்போது கால் தப்பியிருக்கு. அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கால் தப்பாது. என்ன ஆச்சுன்னு கேட்டா மூச்சு விடலை." சற்று நிறுத்தி, "உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?" என்றார்.

"சொன்னார்" என்றாள் அக்கா.

புருஷனை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. ஆனால் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. படி இல்லை, பள்ளம்.

"எதையோ மறைக்கிறார்மா. யாரையோ காப்பாத்துறார்னு தோணுது. கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மெக்கானிக் ஈரத்தலையோடு வந்து, சட்டைப் பித்தானோடு இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அருகில் போய் மேலிருந்து பித்தான்களைப் போட ஆரம்பித்தாள். கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பித்தான் போட்டு முடிகிற வரை அவரால் நகர முடியாது.

"படியிலதானே விழுந்தீங்க?"

"ஆமா."

"எந்தப் படி?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"சூப்பர்வைசர் வந்திட்டுப் போனார்" என்றாள் அவள். இரண்டாவது பித்தான்.

"ஏணிப்படியும் படிதானே. பொய் சொல்லலையே நான்."

"டார்ச் அணைஞ்சுதா?"

மூன்றாவது பித்தானைப் பிடித்தபடியே அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு கையும் ஏணிக்கு வேணும்" என்றார் கடைசியில். "டார்ச்சை வாயில கடிச்சிட்டு இறங்கினேன். அது சுட்டுச்சு. சுடுதேன்னு நினைக்கிறதுக்குள்ள அணைஞ்சிடுச்சு. கால் வெச்ச இடத்துல ஒண்ணுமில்ல."

"இதை ஆபீஸ்ல சொன்னா என்ன?"

"சொன்னா, அந்த டார்ச் ஏதுன்னு கேப்பாங்க. எங்களுது பெரிய கம்பெனி. நேரா டார்ச் கம்பெனி மேல பாய்வாங்க. அங்க முதல்ல யார் தலை உருளும்? நேத்து சேர்ந்தவன் தலைதான். இப்பத்தான் அவன் நிமிர்ந்து நடக்கிறான். அவன் பொண்டாட்டி வேற நிறைமாசம்."

அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷனை என்ன செய்வது என்று இருந்தது. கூடவே, தன் தம்பிக்காக இவர் இவ்வளவு பெரிய பொய்யைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டு படுத்திருந்தாரே என்ற நினைப்பும் வந்தது.

"ஸ்டோர்ல உட்கார்ந்தா குடியா முழுகிடும்?" என்றார் அவர்.

"குடி முழுகாது. உங்களுக்கு மூச்சு முட்டும்."

அது உண்மை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அக்கா கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு, மேசைக்குக் கீழிருந்த துணிப்பையை இழுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"டார்ச்சை மாத்திட்டு வரேன். கடையைப் பார்த்துக்குங்க."

*

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வரிசையாக இரும்பு நாற்காலிகள். சுவர் விளம்பரத்தில் ஒரு மலையேறி கையில் டார்ச்சோடு சிரித்துக்கொண்டிருந்தான். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அக்காவின் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் முதல் டார்ச்சை வாங்கி அழுத்தினாள். எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவதும்.

"எரியுதேம்மா. இதுல ஒரு குறையும் இல்ல."

"டாக்டர் முகத்தைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிடற பிள்ளை மாதிரிதான் இது. இங்க நல்லா எரியும். கையில பிடிச்சு நாலு தெரு நடந்தா அணைஞ்சிடும். ஆறினா மறுபடி எரியும்."

"கீழே போட்டிருப்பாங்க."

"எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி கீழே போட்டாங்களா?"

அந்தப் பெண் மனப்பாடமாக ஆரம்பித்தாள். "தண்ணி பட்டிருந்தா வாரண்டி கிடையாதும்மா. கீழே விழுந்திருந்தா கிடையாது. பேட்டரிக்குக் கிடையாது. ஸ்விட்சுக்குக் கிடையாது. வெளியே பிரிச்சுப் பார்த்திருந்தாலும் கிடையாது."

"அப்ப வாரண்டி எதுக்கும்மா, அட்டைப்பெட்டிக்கா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான், சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. அவளோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அக்கா பையிலிருந்த டார்ச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எரியவிட்டு, வாய் மேலே பார்த்திருக்க, கவுண்டர் மேல் வரிசையாக நிறுத்திவைத்தாள். கூரையெங்கும் வெள்ளை வட்டங்கள்.

"என்னம்மா செய்றீங்க?"

"எரியுதுன்னு நீ சொல்றே. எரியட்டும். நான் இப்படி உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் எல்லோரும் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். ஒரு பேக்கரிக்காரர் எழுந்து வந்து, "என்னோடதும் நிக்கட்டும்" என்று தன் டார்ச்சையும் வரிசையில் சேர்த்தார். இன்னொருத்தி தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துவைத்தாள். கூரையில் வட்டங்கள் பெருகின.

பிறகு ஒரு வட்டம் கொஞ்சம் நடுங்கி, மறைந்தது.

சற்றைக்கெல்லாம் இன்னொன்று போனது. அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. பேக்கரிக்காரர் தன்னுடையது தப்பித்துவிடுமோ என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவும் கண்ணை மூடியது. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. இப்போது எல்லோருமே கூரையைப் பார்த்தபடி, தங்கள் கையிலிருந்த ஒன்று எங்கெங்கே அணைந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கவுண்டர் பெண் மெதுவாக எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பின்னால் டை கட்டிய அதிகாரி ஒருவன் வந்தான். சட்டையில் 'பொறுப்பாளர், வாரண்டி பிரிவு' என்று அட்டை தொங்கியது.

தம்பி.

அவன் இன்னும் சேல்ஸில்தான் இருக்கிறான், கடை கடையாகச் சுற்றுகிறான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். 'பிரமோஷன்' என்று சொன்னான். எங்கே என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவன் கால் ஒரு கணம் தயங்கியது. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தான்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

தான் பாவாடை சட்டை போட்ட வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை, 'மேடம்' என்கிறது. அக்காவின் முகம் சற்றே இறுகியது. பிறகு அவளும் எழுந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல சார். எல்லாமே எரியுதாம். நீங்களே பாருங்க."

அவன் பார்த்தான். வரிசையில் ஒன்றிரண்டு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தன.

"உள்ள வாங்க மேடம்."

*

அறைக்கதவு சாத்தியதும் அவன் தோள் இரண்டும் தொங்கிப்போயின.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டே? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து மாத்திக் குடுத்திருப்பேன்ல?"

"இப்ப அக்காவா?"

"அங்க எல்லாரும் இருந்தாங்க."

"எல்லாரும் இருக்கிற இடத்துலதான் நான் உனக்கு அக்காவா இருக்கணும். தனியா இருக்கும்போது யார் கேக்கப் போறா?" என்றாள். சொன்ன பிறகு குரல் தணிந்தது. "சரி, அது போகட்டும். இந்தச் சரக்கு சரியில்லைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் மேசைமேல் கிடந்த பேனாவைத் திறந்து மூடினான்.

"தெரியும். ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தேன். லைட்டு எரியும்போது வர்ற சூடு வெளியே போகணும். அதுக்கு எல்.இ.டி. தகட்டுக்கும் மேல் உடம்புக்கும் நடுவுல ஒரு பசை தடவணும். செலவு மிச்சம்னு அதைத் தடவாம விட்டிருக்காங்க. சூடு ஏற ஏற உள்ளே வயரை ஒட்டவெச்ச பத்தாசு வாய் பிளந்துக்குது. ஆறினா மறுபடி ஒட்டிக்குது. மேல சொன்னேன்க்கா. நிஜமா சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இந்தச் சரக்கு தீரட்டும், அடுத்ததுல பார்த்துக்கலாம்'னாங்க. அதுக்கு அடுத்த வாரமே என்னை இங்க தூக்கிப் போட்டு, சம்பளத்தையும் ஏத்தினாங்க. எதுக்குன்னு எனக்குப் புரியாம இல்ல." பேனாவை வைத்தான். "வர்றதையெல்லாம் திருப்பி அனுப்புறதுதான் என் வேலை. வீட்ல அவகிட்டகூட சொல்லலை. விடு. உன் பையில இருக்கிற அத்தனைக்கும் புதுசு தரச் சொல்றேன், எடுத்துட்டுப் போ."

"எதை? இதே சரக்குலேருந்து வேற டப்பாவா?"

அவன் பேனாவை மறுபடி கையில் எடுத்தான்.

அக்கா இங்கே வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைக் கூர் தீட்டிக்கொண்டே வந்திருந்தாள். அவன் மனசில் தைக்கிற மாதிரி எறிய வேண்டும் என்று. இப்போது அவன் முகத்தைப் பார்த்ததும், அது கூரெல்லாம் மழுங்கி, சாதாரணமாகத்தான் வெளியே வந்தது.

"உங்க மாமா படியில விழலைடா. லிஃப்ட் பள்ளத்துல விழுந்திருக்கார். ஏணியில இறங்கும்போது டார்ச் அணைஞ்சிடுச்சு."

"எந்த டார்ச்?"

"நீ குடுத்தது."

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"என்கிட்ட படின்னுதானே சொன்னார்?"

"உன்கிட்டயும் படி, என்கிட்டயும் படி. ஆபீஸ்ல 'என் கவனக்குறைவு'ன்னு சொல்லி வெச்சிருக்கார். நாளைக்கு விசாரணை. அதையே சொன்னா இனிமே அவரை உள்ளே இறங்க விடமாட்டாங்க. எதுக்குத் தெரியுமா? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாதாம்."

மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் தொடவில்லை.

"நான் உன்னை ஒண்ணும் செய்யச் சொல்லலை" என்றாள் எழுந்து. "செய்யறதும் செய்யாததும் உன் இஷ்டம். விஷயம் தெரியாமலே நீ நிம்மதியா இருக்கக்கூடாதுன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

துணிப்பையைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் பாதி இறங்கியிருப்பாள், மேலிருந்து தம்பியின் குரல் கேட்டது. அது அறைக்குள் பேசிய குரல் இல்லை. எல்லோருக்கும் கேட்கிற குரல்.

"யாரையும் திருப்பி அனுப்பாதேம்மா. வர்ற டார்ச்சை எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டுப் பணத்தைக் குடு. புதுசு ஒண்ணுகூட வெளியே போகக்கூடாது."

"சார், மேலேருந்து கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. குறை சரக்குலதான், வாங்கினவங்க கையில இல்லைன்னு நானே சொன்னேன்னு சொல்லு."

அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி மேலே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

"டார்ச்சை மாத்திட்டு வரேன்னு போனே. வெறுங்கையா வந்திருக்கே?" என்றார் மெக்கானிக்.

அவள் நடந்ததைச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் முகம் சுருங்கியது.

"அவன்கிட்ட சொல்லிட்டியா."

"சொல்லிட்டேன்."

அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கத்தமாட்டார், அது அவர் சுபாவம் இல்லை. பேசாமல் இருந்தே ஆளைக் கொல்வார். வாடிக்கையாளர் வந்தால் "அங்க கேளுங்க" என்று அவளைக் கைகாட்டுவார். அவள் சோறு போட்டாள், சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டாள், தட்டை நகர்த்தினார்.

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் தம்பி வந்தான். டை இல்லை. சட்டையில் அட்டையும் இல்லை. கடைக்கு வெளியே, சாமான் வாங்க வந்தவன் மாதிரி ஒதுங்கி நின்றான்.

மெக்கானிக் அவனைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து மூடியிருந்த வாய் திறந்தது.

"உள்ள வா மாப்ள. அங்கயே நின்னா ஏதாவது வாங்கியாகணும்."

அவன் வந்து அவருக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தான். மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா மாமா?"

"வலி தேவலை. உள்ளே அரிக்குது பாரு, அதுதான் உயிர் போகுது."

அவன் ஏதோ சொல்ல வந்து, முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவர் அவனை அழ விடவில்லை. "உங்க அக்கா டீ போடுவா. எனக்கும் சேர்த்துக் கேளு. என்கூட அவ பேசறதில்ல" என்றார்.

"யார் யார்கூட பேசலையாம்?" என்றாள் அக்கா உள்ளே இருந்து. ஆனால் அடுப்பில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

டீ வந்த பிறகு தம்பி நிமிர்ந்தான்.

"நாளைக்கு உங்க ஆபீசுக்கு நானும் வர்றேன் மாமா. டார்ச்தான் காரணம்னு நானே சொல்றேன். அதுல என்ன கோளாறுன்னும் பிரிச்சுக் காட்டுறேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன? இன்னைக்கு மத்தியானமே என் நாற்காலி ஆட்டம் கண்டாச்சு. மேனேஜர் போன் மேல போன் பண்றார். நான் எடுக்கலை."

மெக்கானிக் டம்ளரை இடது கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"நீ வர வேணாம். அணைஞ்சது என் வாயில இருந்த டார்ச். விழுந்தது நான். அதை நான்தான் சொல்லணும். உனக்காகன்னு நினைச்சு வாயை மூடிட்டிருந்தேன். இப்ப பார்த்தா நீயே வாயைத் திறந்துட்டே. இனிமே நான் மூடிட்டிருந்தா அது உன்னைப் பொய்யனாக்கிடும்." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நாளைக்குச் சொல்லிடறேன். போதுமா?"

"காலையிலயே இப்படிச் சொல்லியிருந்தா நான் பஸ் ஏறியே இருக்க வேணாம்" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அன்று முழுவதும் அவள் காத்திருந்த சிரிப்பு அது.

"வீட்ல சொன்னியா?" என்று தம்பியிடம் கேட்டார்.

அவன் தலையாட்டினான், இல்லை என்று. "இந்த நேரத்துல எப்படி மாமா சொல்றது? டாக்டர் எதுக்கும் மனசை அலட்டிக்கக்கூடாதுன்னிருக்கார்."

"எங்க வீட்டு ஆம்பிளைங்க எல்லாரும் சேர்ந்து பொம்பளைங்களைக் காப்பாத்தினது போதும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் தட்டியது.

தம்பியின் மனைவி. அடுத்த தெருவிலிருந்து நடந்தே வந்திருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை கதவு நிலையில். மூச்சு வாங்கியது.

அக்கா ஓடிப்போய் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். "ஏம்மா நீ வந்தே? ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"போன்ல கேக்கிற விஷயம் இல்ல அண்ணி." அவள் புருஷனைப் பார்த்தாள். "உங்க மேனேஜர் நம்ம வீட்டுக்கு வந்திருக்கார். கூட வக்கீல் மாதிரி ஒருத்தரும் வந்திருக்கார். ஹால்ல உட்கார்ந்திருக்காங்க."

தம்பி எழுந்துவிட்டான். "என்ன சொன்னார்?"

"தங்கமாத்தான் பேசினார். நீங்க இன்னைக்கு அவசரத்துல ஏதோ சொல்லிட்டீங்களாம். 'தவறுதலா சொல்லிட்டேன்'னு நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிட்டா, எல்லாம் பழையபடி ஆகிடுமாம். குழந்தை வரப்போற நேரம், யோசிச்சு நடந்துக்கச் சொல்லும்மான்னார். அப்படியும் சொல்லலைன்னா என்ன ஆகும்னு மட்டும் சொல்லலை. கூட வந்தவரைப் பார்த்தார்."

மெக்கானிக் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன்னை அங்க தனியா..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"என்னை யாரும் ஒண்ணும் பண்ணலை. ஃபேனைப் போட்டு, டீயைக் குடுத்து உட்காரவெச்சிட்டு, பின்பக்கமா வந்திருக்கேன். நீங்க எதைச் சொன்னீங்க, எதுக்குச் சொன்னீங்க, எனக்கு எதுவும் தெரியாது. அதை வழியில சொல்லுங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு. அவருக்கு நீங்க என்ன பதில் சொல்லப் போறீங்கன்னு அவருக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

தம்பி மாமாவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. மனைவியை மட்டும் பார்த்தான்.

"சொன்னதை மாத்திச் சொல்லமாட்டேன்."

அவள் அக்காவின் தோளைப் பிடித்து எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி. அப்ப மெதுவாவே போவோம். என்னால வேகமா நடக்க முடியாது" என்றாள். "அவர் காத்திருக்கட்டும்."